அக்கா வைத்த பரீட்சை

வயதானதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோய் எனக்கு. நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் திட்டுதான் இருக்கும்; ஓரங்கள் தெரியும். டாக்டர் இதை விளக்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் அக்கா.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகிற வழியில் ஒருத்தி என் எதிரே வந்து பேசாமல் நின்றாள்.

"யாருன்னு சொல்லுங்கோ பார்ப்போம்!" என்றாள் பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண். வயதானவர்களிடம் எல்லாக் கல்யாணத்திலும் கேட்பதுதான்.

"வாங்கோ மாமி, சௌக்கியமா?" என்றேன் குத்துமதிப்பாக. அப்போது என் தலையிலிருந்து நழுவிய பூ காலோரம் தெரிந்தது. குனிந்து எடுத்தேன்.

"பார்த்தேளா? கீழே கிடக்கற பூ தெரியறது, கூடப்பொறந்தவ மூஞ்சி தெரியலையாம். எல்லாம் நடிப்புன்னு அப்பவே சொன்னேனே!"

எதிரே நின்றவளிடமிருந்து வந்தது அக்காவின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பாளோ!

"சும்மா வெளையாட்டுக்குடி" என்று தோளைத் தொட்டாள்.

அவள் முகம் தெரிய வேண்டுமானால் நான் கொஞ்சம் ஓரமாகப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. நேராகவே பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் திட்டு மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அக்கா எதிரே வந்தால் நேராகத்தான் பார்க்கிறேன்.