துரை நாற்காலியின் ஓட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டுச் சிறு நகரமொன்றின் சபையில் நான் கிளார்க்காக இருந்தேன். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து வந்தவன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சபையில் ஆறு ஆசனங்கள். உறுப்பினராக இருந்த தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியதும் அவருடைய ஆசனம் காலியானது. அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுக்க அவருடைய நாற்காலியில் உட்காரப் போனேன். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி, அவரும் உறுப்பினர், என்னைத் தடுத்தார்.

"அது தொரை உக்காந்த நாற்காலிங்க, கிளாக்கரே. பெரட்டுல நின்ன காலுக்கு நிக்கத் தெரியாதா?"

விடியற்காலையில் தோட்டத்துக் கூலிகள் வரிசையாக நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. என் அப்பாவும் அம்மாவும் அப்படி நின்றவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மூன்று கூட்டங்கள் ஜன்னல் திட்டில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன்.

நான்காவது கூட்டத்தில் முதலாளி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கடைவீதிக்குப் பின்னால் நகரசுத்தித் தொழிலாளர் லயம் இருந்தது. அங்குள்ளவர்கள் ஆட்டிறைச்சிக் கடைக்குக் கீழே ஓடும் ஓடையில்தான் தண்ணீர் அள்ளினார்கள். அந்த லயத்துக்குக் குழாய் போட வேண்டும் என்றார். தன் கடைக்கு வழி பார்க்கிறார் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். திட்டத்தைத் தட்டச்சு செய்தவன் நான். குழாய் அவர் கடைப்பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்று கைகள் ஆதரவு. தலைவரும் இன்னொருவரும் எதிர்ப்பு. விதி என்ன சொல்கிறது என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

சாதாரணத் தீர்மானத்துக்கு, வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். தெருவை மூடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே மொத்த ஆசனங்களில் பாதிக்கு மேல் வேண்டும். நான் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டி இரண்டாவது விதியை வாசித்தேன்.

"அஞ்சு பேர்ல மூணு பேரு கை தூக்கியாச்சு. இன்னும் என்னாங்க?" என்றார் முதலாளி.

"ஆசனம் ஆறுங்க, முதலாளி. நாலு கை வேணும்."

"ஆறாவது ஆளு எங்க?"

நான் நாற்காலியைக் காட்டினேன். "அந்தா இருக்குதுங்களே. நீங்கதான அதுக்கு மரியாதை குடுக்கச் சொன்னீங்க."

இந்த முறையும் சிரித்தார்கள், அவரைப் பார்த்து. தலைவர் எதிர்த்தவர், புத்தகத்தை வாங்கிப் பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. தீர்மானம் தோற்றது என்று எழுதினேன். அன்று என் கையெழுத்து அச்சுப்போல அழகாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் முதலாளி அந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி. படிச்ச புள்ள நீங்க, தெரியாமப் பேசிட்டேன்." நான் உட்கார்ந்தேன். அவர் நின்றார். அந்தச் சுகத்தை இன்றும் மறுக்க மாட்டேன்.

அத்தோடு விட்டேனா? ஆசனம் காலி என்று அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நான் தாமதித்த நாட்களில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. ஓடை கலங்கியது. லயத்தில் வயிற்றோட்டம் பரவி இரண்டு குழந்தைகள் போயின. அதன் பிறகே கடிதத்தை அனுப்பினேன். புதிய உறுப்பினர் வந்தார், நாலாவது கை உயர்ந்தது, குழாயும் வந்தது.

இரண்டில் ஒன்று, எங்கள் ஆபீசைக் கூட்டுகிற பெண்ணின் மகன். பதினாறு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"செத்த எந்திரிங்க ஐயா, அடியில கூட்டணும்."

எழுந்தேன். அவள் கூட்டி முடித்து, முந்தானையால் இருக்கையையும் துடைத்துவிட்டு, "உக்காருங்கய்யா" என்றாள்.

நின்றுகொண்டே இருந்தேன். அந்த வேலையில் இருந்தவரை பிறகு அதில் நான் உட்காரவில்லை. அதனால் அவளுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.