கஃப் வளைவில் ஒரு கோணல்

தையல் கம்பெனியின் உள்சுவரில் ஒரு பலகை உண்டு. யாருக்கு எந்த வேலை கைவந்துவிட்டதோ, அவர் பெயருக்கு நேராக அதற்கு ஒரு பச்சைப் பொட்டு. வருஷா வருஷம் பரீட்சை; அதில் ஒரு இடம் கோணினாலும் புதுப் பொட்டு எதுவும் கிடையாது. வரிசை முழுக்கப் பச்சையானால் சூப்பர்வைசர் பயிற்சி. அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. எல்லாம் தெரிந்தவரை, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொந்த மெஷின் என்று ஒன்று கிடையாது.

காலர் அக்காவுக்குக் காலரைத் தவிர வேறு பொட்டே இல்லை. எல்லா வேலையும் கைக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பரீட்சையிலும் சட்டைக் கையின் நுனிப்பட்டியான கஃப் வளைவில் வேண்டுமென்றே தையலைக் கோணலாக்கிவிட்டு, "நமக்கு இதெல்லாம் ஏறாது சார்" என்று சிரித்துவிடுவாள். காரணம், பக்கத்து மெஷினில் இருந்த தங்கை. அவளுக்கு வலிப்பு, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அவள் கண் நிலைகுத்தும்போதே அக்கா எட்டி அவள் காலைப் பெடலிலிருந்து தள்ளிவிடுவாள், கையை ஊசியிலிருந்து இழுத்துவிடுவாள். பார்த்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, சாப்பிடாம வந்துட்டா கழுதை."

"எனக்காக ஏன்க்கா இங்கேயே கிடக்குற? உன் கழுத்தைப் பாரு, கேள்விக்குறி மாதிரி ஆயிருச்சு."

"வாயை மூடிட்டு தைடி. பீஸ் குவியுது."

போன மழைக்காலத்தில் தங்கை போய்விட்டாள். கம்பெனியில் அல்ல, வீட்டில், தாழிட்ட குளியலறைக்குள். அக்கா அடுப்படியில் இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், குளிக்கிறாள் என்று இருந்துவிட்டாள்.

இப்போது குனிந்தால் கழுத்து நிமிர மாட்டேன் என்கிறது. இனி நின்று பார்க்கும் வேலைதான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தானே போய்ப் பரீட்சை கேட்டாள்.

"என்னக்கா, திடீர்னு ஞானோதயம்?" என்றார் மேனேஜர். "நல்லா பண்ணுங்க, இந்த பேட்ச்லயே அனுப்பிடறேன்."

அவள் மெஷினிலேயே பரீட்சை. பாக்கெட், பட்டன் பட்டி, கை இணைப்பு எல்லாம் ரூல் போட்ட மாதிரி வந்தன. கடைசியில் கஃப். வளைவு நெருங்கியதும் கண் தானாகப் பக்கத்து மெஷினுக்கு ஓடியது. யாரோ ஒரு புதுப்பெண் தைத்துக்கொண்டிருந்தாள். பார்வை திரும்புவதற்குள், பழகிய இடத்தில், கை பழகியபடியே சறுக்கியிருந்தது.

மேனேஜர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்பவும் இந்த இடத்துலதான் உங்களுக்குக் கண்டம். அடுத்த வருஷம் பாப்போம்க்கா."

"நமக்கு இதெல்லாம் ஏறாது சார்."

அவர் போன பிறகு ஒரு காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். வைத்தவள், புதுப்பெண்ணின் கால் பெடலில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.