காஸ் கையைத் தூக்கினால்

காஸிமிர் ஓல்ஷெவ்ஸ்கி இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினால், ஹெர்ப் நடத்தும் பௌலிங் ஹாலில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப் பேர், யார் இந்தக் கிழவர், எதற்குப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நிற்கிறார் என்று பார்ப்பார்கள். அந்த மீதிப் பேரோடுதான் அவருக்கு ஜென்மப் பகை.

மிச்சிகனில் அந்த ஊருக்குச் சோறு போட்டது இரும்பு வார்ப்பு ஆலை. காஸ் பதினெட்டு வயதில் உள்ளே போனவர், ஐம்பத்தேழிலும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஆலையில் அவர் ஒரு எண். வீட்டில் ஐரீனின் புருஷன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சொந்தப் பெயர் பொறித்த பதினாறு பவுண்டுப் பந்தைப் பையிலிருந்து எடுத்துத் துண்டால் துடைக்கும்போது மட்டும்தான் அவர் காஸ். வாராவாரம் டீம் டீமாக மோதும் அந்த லீக் ஆட்டம் அவருக்கு விளையாட்டு இல்லை. கோவிலுக்குப் போகிறவனிடம் போய் என்ன பொழுதுபோக்கா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் முறைப்பார்.

செருப்பும் சொந்தம். இடது கால் அடியில் வழவழப்பான தோல். நாலு எட்டு நடந்து, ஐந்தாவதில் அந்தத் தோல் மரத் தரையில் வழுக்கிக்கொண்டு போய், தாண்டக் கூடாத எல்லைக் கோட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். அந்த வழுக்கலில்தான் பந்து கையை விட்டுப் போகும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆட்டத்தில் சறுக்குவதில் பயமில்லை, சறுக்காமல் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. தரையிலோ தோலிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும், கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் பந்தோடு முன்னால் போகும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.

காஸின் இடது முழங்கால் ஏற்கெனவே ஆலையில் ஒருமுறை அடிபட்டது. "இன்னொரு தடவ திருகிச்சுன்னா அப்புறம் கம்பு ஊனித்தான் நடக்கணும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஐரீன் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பன்னிரண்டு ஸ்ட்ரைக் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்றார் இவர்.

அதாவது, ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு முறை, ஒவ்வொரு பந்திலும், லேன் என்கிற மரப் பாதையின் கோடியில் நிற்கும் பத்துப் பின்களையும் ஒரே அடியில் சாய்ப்பது. அதைச் செய்தவர்களின் பெயரை வாசலில் ஒரு பலகையில் தங்கப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள். காஸின் டீமில் ஆடும் லாய்டின் பெயர் அதில் உண்டு. லாய்ட் பாதிக் குடிபோதையில் அதைச் செய்தான் என்பது காஸுக்கு ஆறாத புண்.

காஸும் ஒருமுறை பதினொன்று வரை போனார். பன்னிரண்டாவது பந்துக்குக் காலை எடுத்து வைத்த நொடியில், எங்கிருந்தோ பீர் குடிக்க வந்த ஒருவன் "அடிச்சு நொறுக்கு தாத்தா!" என்று கத்தினான். மூலையில் ஒரு பின் ஆடி ஆடி நின்றுவிட்டது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பின் விழாததைவிடத் தாத்தா என்றதுதான் அதிகமாக வலித்திருக்க வேண்டும்.

லீக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தொடர்ந்து ஸ்ட்ரைக் போட ஆரம்பித்தால் அவனிடம் யாரும் பேசக் கூடாது. உட்கார்ந்தவர் எழக் கூடாது, நின்றவர் உட்காரக் கூடாது. எண்ணிக்கையைச் சொல்லவே கூடாது. ஆடுகிறவனும் முதல் ஸ்ட்ரைக்குக்கு என்ன செய்தானோ அதையே கடைசி வரை செய்வான், புதிதாக ஒன்றும் சேர்க்க மாட்டான். எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அந்தக் கத்தலுக்குப் பிறகு காஸ் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். லீக் செயலாளர் அவர்தானே! யாருக்கு ஐந்தாவது ஸ்ட்ரைக் விழுந்தாலும் எழுந்து நின்று உள்ளங்கையைக் காட்டுவார். ஒருமுறை, தும்மிய ஒருவனை ஒரு வாரம் வெளியே உட்கார வைத்தார்.

இன்னொன்றும் சாதித்திருந்தார். லீக் ஆடும் லேன்களுக்கும், சும்மா பொழுதுபோக்க வருகிறவர்கள் ஆடும் லேன்களுக்கும் நடுவில் ஒரு லேன் எப்போதும் இருட்டாகக் கிடக்கும். அந்தக் குளிர்காலம் ஹெர்ப் அதற்கும் விளக்கைப் போட்டார்.

"என்ன ஹெர்ப், பதினேழாவது லேன்ல வெளக்கு எரியுது?"

"எரியட்டும் காஸ். வெள்ளிக்கிழம கூட்டம் செவ்வாய்க்கிழமையும் வருது. உங்க ஆளுங்க வருசா வருசம் கொறையுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நடுவுல ஒரு லேன் இல்லன்னா ஒரு நாள் எவனாவது விழுந்து காலை ஒடச்சுக்குவான். அப்பப் பேசிக்கலாம்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருய்யா!" என்றார் ஹெர்ப்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். மத்தியானத்திலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பதினேழாவது லேனில் முடிதிருத்தும் கடைப் பெண்கள் நாலு பேர், ஒருத்திக்குப் பிறந்தநாள். அவர்களில் ரோண்டா என்பவள், பச்சைக் கோட்டும் பெரிய சிரிப்புமாக, கார் நிறுத்துமிடத்தில் போட்டோ எடுக்கப் போய்விட்டு, ஆடுவதற்காக ஹாலில் கொடுக்கும் வாடகைச் செருப்போடு உள்ளே வந்தாள். செருப்படியிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

காஸ் எழுந்து போய் அவள் முன்னால் நின்றார்.

"ஏம்மா, அந்தச் செருப்போட வெளிய போவியா நீ?"

"போட்டோ எடுத்தோம் சார். ஒரு நிமிஷந்தான்."

"ஒரு நிமிஷமா? இந்த ஈரத்த எவனாவது மிதிச்சா கால் தரையிலயே ஒட்டிக்கும். முட்டி ரெண்டாத் திருகிடும். ஆயுசுக்கும் நொண்டணும். அது ஒனக்கு ஒரு நிமிஷமா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ரோண்டாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "தெரியாது சார். யாரும் சொல்லல. இனிமே பண்ண மாட்டேன்" என்றாள். ஒரு துணியை வாங்கிக் குனிந்து அவளே தரையைத் துடைத்தாள். அவள் தோழி மட்டும், "என்னடி, நம்ம கடைக்கு வர்ற கிழவிங்கள விட மோசமா இருக்காரு?" என்று முணுமுணுத்தாள். காஸ் காதில் விழாத மாதிரி போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் காஸின் முதல் பந்துக்கே ஸ்ட்ரைக். இரண்டாவதற்கும் விழுந்தது. நாலாவதற்குப் பிறகு லாய்ட் சிகரெட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டான். ஆறாவதற்குப் பக்கத்து லேன்கள் நின்றன. காஸ் ஒவ்வொரு முறையும் பந்தை மூன்று தரம் துடைத்தார், நேரே பின்களைப் பார்த்தார், நடந்தார். வழக்கமாக ஆடும் முன் இடது காலைத் தரையில் தேய்த்துப் பார்க்கிறவர், அந்த ஆட்டத்தின் முதல் பந்துக்கு ஏனோ தேய்க்க மறந்திருந்தார். மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்று பிறகும் தேய்க்கவில்லை. ஐரீனுக்குப் போன் செய்து வரச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாகும் என்று விட்டுவிட்டார்.

கடைசிக் கட்டத்தின் மூன்று பந்தும் பதினாறாவது லேனில். பத்து. பதினொன்று. லீக்காரர்கள் முப்பது நாற்பது பேர் பின்னால் சுவர் மாதிரி நின்றார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பதினேழாவது லேன் பெண்கள்கூட, என்ன ஏதென்று புரியாமலே, பயந்து அடங்கிவிட்டார்கள்.

பந்து திரும்பி வரவில்லை. உருட்டிய பந்தைத் திருப்பி அனுப்பும் எந்திரத்துக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. ஹெர்ப் ஒரு வார்த்தை பேசாமல் எந்திரங்களின் பின்பக்கம் ஓடினார். காஸ் கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஹாலில் இத்தனை அமைதியை அவர் கேட்டதே இல்லை. அவரே உண்டாக்கிய அமைதி, ஆனாலும் அவருக்கு அது பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ரோண்டாவின் தோழி ஜன்னல் வழியாகப் பார்த்து, உன் கார் லைட் எரிகிறது என்று சைகை காட்டியிருந்தாள். அந்தக் குளிரில் பேட்டரி செத்தால் வீடு போய்ச் சேர முடியாது. ரோண்டா போட்டது போட்டபடி ஓடினாள். திரும்பி வந்தபோது பின்னால் மனிதச் சுவர். ஒருவரும் நகரவில்லை, நகரக் கூடாதே. விளிம்போடு சுற்றி முன்பக்கம் வந்து, ஆடுகிறவர்கள் நடந்து வந்து பந்தை உருட்டும் பதினாறாவது லேனின் நடைதளத்தைக் குறுக்கே கடந்து தன் இடத்துக்குப் போனாள். நாலைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார்கள்.

இருக்கையில் உட்கார்ந்தபின்தான் அவள் தன் காலிலிருந்த வாடகைச் செருப்பைப் பார்த்தாள். பிறகு வந்த வழியைப் பார்த்தாள். கோட்டுக்குச் சற்று முன்னால், காஸின் இடது கால் வழுக்கும் இடத்தில், ஒரு செருப்புத் தடம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

பந்து வந்துவிட்டது. காஸ் எழுந்து அதை எடுத்துத் துடைத்தார்.

"சார்..." என்றாள் ரோண்டா.

முப்பது பேர் ஒரே நேரத்தில் "ஷ்ஷ்!" என்றார்கள்.

அவள் எழுந்தேவிட்டாள். "சார், ஒரு நிமிஷம் சார், அங்க..."

காஸ் அவளைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் கேட்ட அந்தக் கத்தல்தான் மறுபடி அவர் காதில் விழுந்தது. இந்த முறை அவர் தயாராக இருந்தார். பந்தை வலது கையில் மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். தோழி ஒருத்தி ரோண்டாவின் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். ரோண்டா தன் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

காஸ் நடந்தார். நாலு எட்டும் வாழ்க்கையிலேயே அத்தனை லேசாக வந்ததில்லை. ஐந்தாவதில் கால் நின்றது.

ஈரக் கிளையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் முகம் குப்புறக் கோட்டைத் தாண்டி விழுந்தார். பந்து தடாலென்று தரையில் மோதி, மெதுவாக உருண்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. கோட்டைத் தாண்டினால் அடிக்கும் மணி விடாமல் அடித்தது. லீக் ஆட்டத்தில் அந்த மணி இருந்தே ஆக வேண்டும் என்று ஹெர்போடு சண்டை போட்டு வைக்கச் சொன்னவரும் காஸ்தான்.

அப்போதும் ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. முதலில் ஓடி வந்தவள் ரோண்டா. தன் கோட்டைச் சுருட்டி அவர் தலைக்கு வைத்து, "நான் நடந்து வந்த ஈரம் சார், சொல்லத்தான் வந்தேன், நீங்க கையக் காட்டிட்டீங்க, சொல்லத்தான் வந்தேன்" என்று அழுதாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்து லாய்டைத் தேடினார். லாய்ட் வந்து மண்டியிட்டான்.

"நீ... பாத்தியாடா?"

"பாத்தேன்."

"அந்தப் பொண்ணு நடந்தப்பவா?"

"நடந்தப்பவே பாத்தேன், காஸ். எல்லாருந்தான் பாத்தோம்."

"ஏண்டா சொல்லல?"

"பதினொண்ணு போட்டிருந்தியேடா. எப்படிடா சொல்லுவேன்?"

காஸுக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் விழுந்து கிடந்தது லாய்டாக இருந்து, பார்த்தது தானாக இருந்திருந்தால் தானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்போம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது முழங்கால் வலியைவிடப் பெரிதாக வலித்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் பனியோடு பூட்ஸ் காலுடன் நேராக நடைதளத்தில் ஏறி வந்தார்கள். மரத் தரை எங்கும் சேறும் ஈரமும். காஸின் இடது கை தானாக மேலே எழுந்தது. ஹாலில் இருந்த லீக்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலப் பேச்சை நிறுத்தினார்கள்.

"பேசுங்கடா" என்றார் காஸ். "யாராச்சும் ஏதாச்சும் பேசுங்கடா."

யாரும் பேசவில்லை.