ரோஸி யாருடைய பொறுப்பு

ஜெபராணி என்று கேட்டால் ஆரணியில் பாதிப் பேர் யோசிப்பார்கள். லண்டன் நர்ஸம்மா என்றால் பஸ் ஸ்டாண்டில் சோடா விற்பவர்கூட வழி சொல்லிவிடுவார். உண்மையில் அவள் வேலை பார்த்தது லண்டனே இல்லை, அதற்கு வெகு வடக்கே லீட்ஸ் என்றொரு ஊர். ஆனால் நம் ஊருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். அவளும் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ஆரணிக்கு மருமகளாக வந்தவள். புருஷன் சத்தியராஜ் பட்டு நெய்பவர். அவரும் அண்ணன் ஏசுதாஸும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு தறி போட்டிருந்தார்கள். ஞாயிறானால் கோயில், மற்ற நாளெல்லாம் தறி. மகள் ரோஸி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் சத்தியராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஜெபராணி பார்க்காத காமாலையா, கைவிடாமல் பார்த்தாள். ஆனாலும் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், இனிமேல் என்ன செய்யப்போகிறாய் என்று. "வேலைக்குப் போகப்போறேன்" என்றாள். அழுதுகொண்டிருந்த நாலைந்து பேர் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். காரியம் முடிந்த கையோடு வேலூரில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தாள். பிறகு 1976இல், இங்கிலாந்தில் நர்ஸ்கள் வேண்டும் என்றதும் முதல் ஆளாக மனுப் போட்டாள். அவளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போக முதலில் அங்கே ஒரு வீடு வேண்டும். அதுவரை பன்னிரண்டு வயது ரோஸி பெரியப்பா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இங்கே ஏசுதாஸின் மனைவி சகாயம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவள் இல்லை. ரோஸிக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பாள். ஆனால் செய்ததைச் சொல்லிக் காட்டாமல் அவளால் இருக்க முடியாது. ஜெபராணியை வழியனுப்ப வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் காதில் விழும்படி, "நீ நல்லபடியா போய் வா. இவளுக்கு நாங்க கஞ்சி ஊத்தாமலா போயிடுவோம்?" என்றாள்.

ஜெபராணிக்குச் சுருக்கென்று தைத்தது. மாசம் தவறாமல் பணம் அனுப்பப்போகிறாள், அது சகாயம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் சொன்ன பேச்சு சொன்னதுதானே. மகளைத் தனியே இழுத்துப்போய் அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு கேட்டாலும் சரி, நான் ஒழைச்சு சாப்பிடறேன்னு சொல்லு. ஓசியில துன்றேன்னு எவ வாயிலயும் வரக்கூடாது. புரிஞ்சுதா?"

ரோஸிக்குப் புரிந்தது. அளவுக்கு மீறியே புரிந்துவிட்டது.

கோர்வைக் கரைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பெரியவர் புடவையின் உடலை நெய்வார், பக்கத்தில் உட்காருகிறவர் வேறு நிறக் கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தறிக்குள் ஓட்டிக் கொடுப்பார். அந்தப் பக்கத்து இடத்தை ரோஸி பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகுமுன் தறி, வந்ததும் தறி. ஏசுதாஸே "போய்ப் படிம்மா, பரீட்சை வருதில்ல" என்று விரட்டினால்தான் எழுந்திருப்பாள். கொஞ்ச நாளில் சகாயம்மாளே மற்றப் பெண்களிடம், "எங்க ரோஸி சும்மா குந்திகினு துன்ற பொண்ணு இல்ல" என்று பெருமையடிக்க ஆரம்பித்தாள். ரோஸியும் அதைக் கேட்டு நிமிர்ந்து நடந்தாள்.

லீட்ஸில் ஜெபராணி தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. நர்ஸ்கள் விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு மாடிப் பகுதியைப் பிடித்தாள். இந்தியர்களுக்கு வாடகைக்கு விடத் தயங்கிய வீட்டுக்காரக் கிழவியிடம், "உங்கள் மூட்டுவலிக்குத் தினமும் நான் வைத்தியம் பார்க்கிறேன், சம்மதமா?" என்று கேட்டுச் சாவியை வாங்கிவிட்டாள். மகளுக்கென்று ஒரு கட்டில், சிவப்பு ஸ்வெட்டர், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம். விசா வந்தபிறகு ஸ்வெட்டர் வாங்கலாமே என்றாள் கூட வேலை பார்த்த மலையாளப் பெண். "விசா வராம எங்க போகும்?" என்றாள் ஜெபராணி.

விசா விதி எளிதாகத்தான் இருந்தது. தாய்க்கு எவ்வளவு காலம் அனுமதியோ அவ்வளவு காலம் மகளும் இருக்கலாம். மகளுக்கு ஆகிற செலவெல்லாம் தன்னுடையது, சர்க்காரிடம் எதற்கும் கைநீட்ட மாட்டேன் என்று தாய் பொறுப்பேற்க வேண்டும். பெண் தாயை நம்பி வாழ்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். இதில் என்ன சந்தேகம் இருக்கிறது என்று ஜெபராணி நினைத்தாள். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டு வருஷம் கழித்து லீவில் ஆரணிக்கு வந்து இறங்கினாள்.

வந்த அன்றே சகாயம்மாள் ஒரு செய்தி சொன்னாள். சேத்துப்பட்டில் நல்ல இடம் ஒன்று இருக்கிறதாம், பையன் வாத்தியாராம், ரோஸிக்குப் பதினெட்டு ஆகும்வரை காத்திருக்கிறார்களாம், இப்போதே பேசி வைத்துவிட்டால் நல்லதாம். "அவ எங்கூட வரப்போறா அக்கா" என்றாள் ஜெபராணி. "விசா கெடைச்சா கூட்டிகினு போ. கெடைக்கலன்னா பேசி முடிச்சுடலாம்" என்றாள் சகாயம்மாள். தன் பெண்ணைத் தான் வளர்க்கக் கிடைப்பது இன்னும் மூன்றோ நாலோ வருஷம், அதுவும் இந்த லீவில் விசா கிடைத்தால்தான் என்பது ஜெபராணிக்கு அப்போது உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. ரோஸி அவளிடம் மரியாதையாக இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் எதையும் கேட்கவில்லை. பெட்டி நிறையக் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்து, "எனக்கு எதுக்கும்மா இவ்ளோ? என்னாண்ட எல்லாம் இருக்குது" என்றாள். ஜெபராணிக்கு அது வலித்தது. அங்கே போனால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள்.

மெட்ராஸில் விசா அலுவலகத்தில் தாயையும் மகளையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்கள். அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், அலுத்த முகம். மொழிபெயர்க்க ஜெயச்சந்திரன் என்று ஒரு மெட்ராஸ்காரர். தன்னிடம் கேட்ட கேள்விகளுக்கு அவர் கேட்டு முடிக்குமுன்பே ஜெபராணி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இனி மகளிடம் கேட்கப்போகிறேன், நடுவில் நீங்கள் பேசக்கூடாது என்றார்.

"நீ யாரோட ஆதரவுலம்மா இருக்கிறே?" என்று கேட்டார் ஜெயச்சந்திரன்.

ரோஸியின் முதுகு நிமிர்ந்தது. "யாரோட ஆதரவுலயும் இல்லீங்க. நான் ஒழைச்சு சாப்பிடறேன்."

ஜெயச்சந்திரன் ஜெபராணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உனக்குச் சாப்பாடு துணிமணியெல்லாம் யாரு தர்றாங்க?" என்று மாற்றிக் கேட்டார்.

"யாரும் சும்மா தர்லீங்க. காலைல தறியில குந்தறேன், சாயங்காலமும் குந்தறேன். எங்க வூட்ல யாரும் தண்டச்சோறு துன்றது கெடையாது. எங்க பெரியம்மாவை வேணும்னாலும் கேட்டுப்பாருங்க."

மனுஷர் சம்பளத்துக்கு வஞ்சகம் செய்யாமல் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரியின் பேனா நின்றது. இந்தப் பெண் வேலை செய்து தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறாள் என்றால், தாயை நம்பி வாழும் பிள்ளை என்று நான் எப்படி விசா கொடுப்பது என்று கேட்டார்.

ஜெபராணி அசந்துபோகிறவள் இல்லை. பேச அனுமதி கேட்டாள், கிடைத்ததும் விளக்கினாள். எங்கள் ஊரில் கூலி புடவைக்கு. அதைத் தறிக்காரர் வாங்குகிறார். பக்கத்தில் உட்காருகிறவருக்குத் தனிக் கூலி என்று எதுவுமே கிடையாது. வீட்டுப் பிள்ளைகள் வீட்டு வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். இவள் சம்பாதித்ததில்லை. இவளுடைய சாப்பாடும் சட்டையும் புத்தகமும் நான் அனுப்பிய பணம். ஓசியில் சாப்பிடுவதாகச் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் ரோஸி இங்கிலீஷ் படிக்கிற பெண். மகளின் முகம் சிவந்து, பிறகு வெளுத்ததை ஜெபராணி பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தூக்கிப் பிடித்த தலையை வேற்று மனிதர் முன்னால் தாயே இறக்கி வைக்கிறாள். பார்த்துக்கொண்டேதான் சொல்லி முடித்தாள். வேறு வழி இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

அதிகாரி கேட்டுக்கொண்டார். நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் மகள் முன்பு சொன்னது வேறு, அவள் வாயால் வந்தால்தான் நான் எழுத முடியும் என்றார். ஜெயச்சந்திரன் ரோஸி பக்கம் திரும்பினார். "உங்கம்மா சொன்னதைக் கேட்டியா? நீ என்னம்மா சொல்றே?"

ரோஸி குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் எதையும் பேசி வாங்கிவிடுகிற ஜெபராணியாலும் இதைப் பேசி வாங்க முடியாது. ரோஸிக்காக வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. மாட்டேன் என்று எழுந்து போனாலும் அந்தப் பெண்மேல் தப்பு சொல்ல முடியாது.

ரோஸி மெல்லத் தலை தூக்கி ஜெயச்சந்திரனிடம் கேட்டாள்: "நான் இங்க சொல்றது எங்க பெரியம்மா காதுக்குப் போவுமாங்க?"

"இந்த ரூமைத் தாண்டாதும்மா."

"வேற யாருக்கும்?"

"யாருக்கும் போகாது."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். லீவில் வந்ததிலிருந்து அப்படி ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்க்கவில்லை. கண்ணில் கோபமும் இருந்தது, ஜெபராணி அதையும் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப எழுதிக்கச் சொல்லுங்க," என்றாள் ரோஸி. "எங்கம்மாதான் என்னைக் காப்பாத்தறாங்க. எனக்கு எங்கம்மாதான் இருக்காங்க."

ஜெயச்சந்திரன் அதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார். ஆக ஜெபராணி அதைத் தமிழில் ஒரு தடவை கேட்டாள், இங்கிலீஷில் ஒரு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அழுதாள்.