சிவப்புக் கட்டம் வந்த ஞாயிறு

லேப்டாப்பைத் திறந்ததும் உள்ளே தூசி சூடாகும் ஒரு வாசனை வரும். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ரிப்பேர் கடையில் நான் வேலை பார்த்த நாட்கள் முழுக்க அந்த வாசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் லீவில் வரும் தொழிலாளர் கூட்டத்தில் கீழே தெருவில் நடக்க இடம் இருக்காது. கடையில் நான் மட்டும். முதலாளி அந்தோணி அண்ணன் சர்ச்சுக்குப் போயிருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் முருகேசன் வந்தார். ஊர்க்கோடியில், துவாஸில் இருந்த தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். லேப்டாப் ஆன் ஆகவில்லை.

"மேடம், சாயங்காலம் ஆன்லைன்ல எக்ஸாம். சேஃப்டி சூப்பர்வைசர் கோர்ஸ். போன தடவ ஃபெயிலு. இத விட்டா கம்பெனில மறுபடி எக்ஸாமுக்கு அனுப்ப மாட்டாங்க."

விண்டோஸ் கெட்டுப்போயிருந்தது. அவருடைய ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட, கடையின் தம்ப் டிரைவில் இருந்த ஐஎஸ்ஓ ஃபைலைக் கடை கம்ப்யூட்டரில் திறந்தேன். ஆன்டிவைரஸ் சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போட்டது.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அது சும்மா கத்தும் லா. ஆஃப் பண்ணிட்டுப் போடு."

முந்தின நாளும் லீவு இல்லை. கழுத்து வலித்தது. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது... ஆனால் எதிரே அந்த மனிதர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஃபைல்களுக்குக் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் உண்டு. தயாரித்தவர்களே அதைத் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். ஒப்பிட்டேன். சேரவில்லை. யாரோ நடுவில் கை வைத்த ஃபைல்.

"என்ன மேடம், தப்பா ஏதாச்சும்?"

"இத போட்டா ஓடும்ணே. ஆனா உங்க பாஸ்வேர்டெல்லாம் யாருக்குப் போகும்னு தெரியாது. புதுசா டவுன்லோட் பண்ணணும். லேட் ஆகும்."

அவர் போனில் மணியைப் பார்த்தார். "நல்லதா போடுங்க," என்றார்.

தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கினேன். இன்டர்நெட் லைன் ஊர்ந்தது. ஒருவழியாக இறங்கியது, எண்ணும் சேர்ந்தது... மறுபடி அதே சிவப்புக் கட்டம்.

அழுகை வந்தது. பொய் எச்சரிக்கையும் நிஜ எச்சரிக்கையும் ஒரே நிறத்தில் வந்தால் எதை நம்புவது? வேறொரு ஆன்டிவைரஸில் போட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை. எண்ணை இன்னொரு முறை ஓர் இலக்கம் விடாமல் படித்தேன். பிறகு இன்ஸ்டால் செய்தேன்.

முடிந்தபோது அவருக்குத் துவாஸுக்குத் திரும்ப நேரமில்லை.

"இங்கயே எழுதுங்கண்ணே."

ஷட்டரைப் பாதி இறக்கினேன். எக்ஸாம் மேற்பார்வைக்குத் திரையில் வந்த பெண் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். செத்த லேப்டாப்கள் அடுக்கிய அலமாரிகளை அவர் கேமராவில் பொறுமையாகக் காட்டினார். நான் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

அந்தோணி அண்ணன் வந்தார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த தம்ப் டிரைவ அழிச்சிடு," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இருவரும் கீழே போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முருகேசன் பாஸ். சில வாரம் கழித்து போன் செய்து சொன்னார். பின்னால் சைட்டில் எடுத்த படம் ஒன்று அனுப்பினார், சூப்பர்வைசர் கலருக்கு மாறிய ஹெல்மெட்டோடு.

இப்போது சிட்டியில் ஒரு பெரிய ஆபீஸில் இதே வேலைதான் பார்க்கிறேன். எச்சரிக்கைகள் டிக்கெட் என்ற புகார்களாகத் திரையில் வந்து குவிகின்றன. பாதியைச் சிஸ்டமே முடித்துவிடும். மீதியை நான் கிளிக் செய்து மூடுகிறேன். அன்றைவிட வேலை குறைவு, களைப்பு மட்டும் அதிகம்... ஏன் என்று தெரியவில்லை.

நேற்று ஒருத்தர், தான் இறக்கிய ஐஎஸ்ஓவை ஆன்டிவைரஸ் தடுக்கிறது, அவசரம் என்று எழுதியிருந்தார். பொய் எச்சரிக்கைதான். சரிசெய்து மூடினேன். என்ன அவசரம் என்று கேட்டிருக்கலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. அவருடைய டிக்கெட்டைத் தேடினேன்.

அதற்குள் திரையில் வேறு பெயர்கள் வந்துவிட்டிருந்தன.