மாட்டுங்கா எழுத்தாளருக்கு வைத்த பொட்டு

காலமான எழுத்தாளரின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு வசதி, வீட்டுக்காரர் குறை சொல்ல மாட்டார். அதற்கென்றே வீட்டை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் இருக்கிறார்கள். முதலாளி முன்னால் சம்பளத்துக்காகச் சிரிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்!

மும்பை மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளம். தாராவியிலிருந்து வந்து கதவைத் திறந்து, கூட்டித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவேன். ஆனால் வருகிறவர்கள் எங்கே? இப்படியே போனால் நினைவு இல்லத்தை மூடி, பில்டரிடம் கொடுத்துவிடுவதாக டிரஸ்ட்டில் பேச்சு. மூடினால் என் வேலை போச்சு. ஸ்கூல் விட்டு வந்து என் மகள் உட்காரும் இடமும் போச்சு.

செம்பூர் வாசகர்கள்

ஒருநாள் செம்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் எழுதிய மேஜை, பேனா, புத்தக அலமாரி எல்லாம் காட்டினேன். அந்தம்மா சுவரைத் தட்டினார், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் கேட்டார்:

“எல்லாம் சரிம்மா, கார் பார்க்கிங் உண்டா?”

வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் படங்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். இங்கே மட்டும் அவரை வெறும் நெற்றியோடு விட மனசு வருமா? படத்துக்கு வைத்தேன், கையோடு மேஜைக்கும் பேனாவுக்கும் வைத்தேன். பார்த்த டிரஸ்ட் செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஆயுசு பூரா சாமி இல்லேன்னு எழுதின மனுஷன்மா! அவருக்கே பொட்டு வெச்சிருக்கியே!”

ஹால் டிக்கெட்

துடைக்க ஈரத்துணி எடுத்துவருவதற்குள், தண்ணீர் கேட்டு உள்ளே வந்த பத்தாம் வகுப்புப் பெண் பேனா முன்னால் ஹால் டிக்கெட்டை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை எப்படித் தட்டிவிடுவது? மறுநாள் அவளுடைய டியூஷன் முழுக்க வந்தது. அதற்கடுத்த நாள் அம்மாமார் வந்தார்கள், தேங்காயோடு. வாசலில் செருப்புக் குவியல். வரிசையில் நின்ற ஒரு பையனுக்குத்தான் நியாயமான சந்தேகம்:

“ஆன்ட்டி, மேத்ஸுக்கும் இவர்தானா, லாங்குவேஜுக்கு மட்டுமா?”

மூடுவதற்கு வந்தவர்கள்

வீட்டை மூட முடிவெடுக்கத்தான் டிரஸ்ட் உறுப்பினர்கள் வந்தார்கள். வரிசை கேட் தாண்டி நின்றது. அவர்களே அதில் நின்றுதான் உள்ளே வர முடிந்தது. பில்டர் பேச்சு அன்றோடு நின்றது. “சார், பொட்டை இப்போ அழிச்சிரட்டா?” என்று செயலாளரிடம் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அழிச்சிடாதேம்மா. தினமும் வை. பத்திரிகைக்காரா வந்தா மட்டும் கொஞ்சம் துடைச்சு விட்டுடு.”

சாமி இல்லை என்றே எழுதிய மனிதரின் வீடு, அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படிக்காத எங்கள் புண்ணியத்தில்தான் இடிபடாமல் நிற்கிறது.