கயிற்றில் இரண்டு இழுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்த விஷயம். ரூபினி சொன்னபோது நானும் நம்பவில்லை. கூட இருந்த புவனேஸ்வரனைத் தனியே பிடித்து விசாரித்தேன். இருவரும் சொன்னது ஒத்துப்போயிற்று. நடந்தது நள்ளிரவிலும் அல்ல. பட்டப்பகலில், சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்குப் பின்னால்.

ரூபினி வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நேர்காணலுக்கு அலைந்து அலைந்து செருப்புதான் தேய்ந்தது. கடைசியில், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு நகரத்து வடிகால், தெருவிளக்குப் பராமரிப்பில் பயிற்சி என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். தேறினால் ஒப்பந்த வேலை. தேறாவிட்டால் மறுபடியும் ஆயர் ஈத்தாம் சந்தையில் கைப்பேசி உறை விற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் அலுத்துவிடும்.

அன்று கடைசித் தேர்வு. மூடிய லோங்காங்குக்குள், அதாவது சாலையடி வடிகாலுக்குள், ஒருவர் இறங்கிச் சுவர் விரிசல்களைப் படம் எடுக்க வேண்டும். இன்னொருவர் மேலே, குழிவாயில், கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே கத்தினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. அதனால் பேச்செல்லாம் கயிற்றில்தான். மேலே நிற்பவர் இரண்டு தரம் இழுத்தால், 'நலமா?' கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால், 'நலம்.' மேலிருந்து மூன்று என்றால், 'ஏறி வா.'

'நலமா' என்று கேட்பது எப்போதும் மேலே நிற்பவர்தான். கீழே இருப்பவர் கேட்பதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் சீனி முகம்மது காற்றோட்டத்துக்காக அடுத்த குழியின் மூடியையும் திறந்து வைத்தார்.

“என்ன ஆனாலும் மேல நிக்கிறவங்க கீழ எறங்கக் கூடாது. குழிய விட்டு நகரவும் கூடாது. நகந்தா ஃபெயில் லா, அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.”

சொல்லிவிட்டு மூலைக்கு அப்பால் இருந்த இன்னொரு ஜோடியைப் பார்க்கப் போய்விட்டார்.

புவனேஸ்வரன் இடுப்பு வாரில் கயிற்றுக் கொக்கியை மாட்டிக்கொண்டான்.

“நான் வரலன்னா என் மோட்டார நீயே எடுத்துக்க.”

“அந்த ஓட்ட மோட்டார யாருக்கு வேணும்? எறங்குடா.”

இறங்கினான். நச்சுக்காற்றைக் காட்ட அவன் நெஞ்சில் தொங்கிய வாயுமானியின் சத்தம், பீப்... பீப்... என்று தள்ளித் தள்ளிப் போயிற்று.

வெயில் மண்டையைப் பிளந்தது. ரூபினி இரண்டு இழுத்தாள். ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு. மறுபடி ஒன்று. நின்றபடியே கண் செருகியது.

மூன்று மணி வாக்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் வானம் கறுத்தது. மலையடியில் மழை பிடித்தால் இங்கே லோங்காங் நிறைய வெகுநேரம் ஆகாது.

அவள் மூன்று இழுத்தாள்.

பதில் இல்லை.

இன்னொரு முறை மூன்று. அப்போதுதான் கவனித்தாள். வாயுமானியின் சத்தம் நின்று போயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை...

கயிறு அசைந்தது.

டக்... டக்...

இரண்டு.

பயல் எண்ணிக்கையை மறந்துவிட்டான் என்று நினைத்தாள். பலம் கொண்ட மட்டும் மூன்று இழுத்தாள். கயிறு விறைத்தது. யாரோ கீழே இரண்டு கையாலும் பிடித்திருப்பதைப்போல.

டக்... டக்...

நலமா?

“புவன்! வெளையாடாத! மழை வருது!”

எதிரொலி மட்டும் வந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினாள். அதே நேரம் இடி இடித்தது. மூலையிலிருந்து யாரும் வரவில்லை.

மூச்சு முட்டி உள்ளே தடுமாறுகிறானோ? இறங்கினால் தேர்வு போச்சு. இறங்காவிட்டால் அவன் போய்விடுவான்.

இரும்பு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள்.

“ரூபினி! எங்க எறங்குற?”

குரல் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். புவனேஸ்வரன் முழங்கால் வரை சேற்றோடு நின்றான்.

“கயிறு எங்கயோ மாட்டிக்கிச்சு லா. கழட்டிப் போட்டுட்டு அந்தக் குழி வழியா ஏறி வந்துட்டேன்...”

அவள் தன் கையில் இருந்த கயிற்றையே பார்த்தாள்.

டக்... டக்...

அவனும் பார்த்தான்.

“கீழ யாரு?”

அவளுக்குப் பயத்தைவிட, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்ற களைப்புதான் பெரிதாக இருந்தது. கீழே இருப்பது 'நலமா' என்று கேட்கிறது. பதில் சொன்னால் விட்டுவிடும்.

ஒன்று இழுத்தாள்.

கயிறு தொய்ந்தது.

இருவருமாகச் சரசரவென்று இழுத்தார்கள். கொக்கி மேலே வந்தது. சேறும் ஈரமுமாகக் கிடந்த இரும்பு... வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் யாருடைய உள்ளங்கையிலோ இருந்ததைப்போல.

சற்று நேரத்தில் குழிக்குள் தண்ணீர் இரைந்து ஓடியது.

அவன் கொக்கியைக் கழற்றியது தவறு. அவள் படியில் கால் வைத்தது தவறு. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. எனவே இருவரும் வாயைத் திறக்கவில்லை. தேறிவிட்டார்கள்.

மாலையில் ரூபினி பேருந்தில் வீட்டுக்குப் போனாள். ஜன்னலில் தலை சாய்த்திருந்தபோது தோள்பையின் வார் இரண்டு தரம் இழுபட்டது. யாரோ உட்கார இடம் கேட்கிறார்கள் என்று அரைத் தூக்கத்தில் பையை மடிக்கு மாற்றி நகர்ந்து கொடுத்தாள். இறங்கும்போதுதான் பார்த்தாள். பக்கத்து இருக்கை காலி. ஆனால் ஈரம்.

மறுவாரம் சான்றிதழ் கொடுத்த கையோடு சீனி முகம்மது அவளுக்கும் புவனேஸ்வரனுக்கும் கடையில் நுரை ததும்பும் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார். ரூபினி மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அந்தக் குழியில முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சா?”

அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

“யாரு சொன்னா ஒனக்கு? முன்ன ஒரு பேட்ச்ல அதிரான்னு ஒரு பொண்ணு. ஒன்ன மாதிரிதான், டிகிரி முடிச்சிட்டு வேலை இல்லாம வந்துச்சு. மேல நின்னுச்சு. கீழ இருந்தவன் சொல்லாமக் கொள்ளாம வேற குழி வழியா ஏறிட்டான். இது இழுத்து இழுத்துப் பார்த்திருக்கு. பதில் இல்ல. அவனத் தேடிக்கிட்டு உள்ள எறங்கிருச்சு. மேல ஆயர் ஈத்தாம்ல மழை...”

அவர் கிளாசை மேசைமேல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அதுக்கப்புறம்தான் சிக்னலையே மாத்துனோம்.”

“மாத்துனீங்களா?” ரூபினி நிமிர்ந்தாள்.

“ஆமா லா. ரெண்டுக்கு அப்பவும் அதே அர்த்தம்தான். ஒண்ணுதான் வேற. அப்பல்லாம் ஒரு இழுப்புன்னா...”

அவர் ஆள்காட்டி விரலை மேல்நோக்கி அசைத்துக் காட்டினார்.

“ஏறி வா.”